கண்ணீர்ப்புகை போலீசுக்கு ஆகும், பட்டாளத்துக்கு ஆகாது: வாசகர் கேள்வி – பதில்

இன்றைய காலாட்படை வீரர் எதையெல்லாம் சுமக்கிறார், உயிரைப் பறிக்காத ஆயுதங்கள் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று வந்த கேள்விகளில் சில இந்த இதழில்.

கே: காலாட்படையில் இருக்கும் என் மகன், குண்டு துளைக்காத ஜாக்கெட் மட்டுமே பத்துக் கிலோ என்கிறான். இந்தக் காலத்திலும் அதை இலேசாகச் செய்ய முடியாதா?
– ஒரு தாய், வேலூர்

ப: கனம் துணியில் இல்லையம்மா, மார்பிலும் முதுகிலும் செருகும் தகடுகளில் இருக்கிறது. அராமிட் இழைத் துணி, கைத்துப்பாக்கித் தோட்டாவையும் குண்டுச் சிதறலையும் பிடித்துவிடும். ரைஃபிள் தோட்டா அதைப் பொத்துக்கொண்டு போய்விடும். அதற்குத்தான் போரான் கார்பைடு போன்ற பீங்கான் தகடு. பீங்கான் தோட்டாவின் முனையை நொறுக்கும். சிதறும் துண்டுகளை அதன் பின்னால் ஒட்டியிருக்கும் பாலிஎதிலீன் அடுக்கு பிடித்துக்கொள்ளும்.

நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கான்பூரில் உள்ள டிஆர்டிஓ (பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு நிறுவனம்) ஆய்வகம் 2024 ஏப்ரலில் ஒரு தகட்டை அறிவித்தது. குண்டு துளைக்காத ஜாக்கெட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 17051-இன் ஆறாம் நிலை ஆபத்தைத் தாங்கும். ஜாக்கெட்டோடு சேர்த்து அணியும் வகையில் சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்கும் குறைவு. 25 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் என்று வைத்தால் ஒரு தகடு கிட்டத்தட்ட 3 கிலோ. முன்னும் பின்னும் 6 கிலோ. துணிக் கவசம், பக்கத் தகடு, உறை எல்லாம் சேர்ந்தால் உங்கள் மகன் சொன்ன கணக்கு வந்துவிடும். இலேசாக்க இரண்டே வழிதான்: தகட்டைச் சிறிதாக்க வேண்டும், அல்லது இன்னும் விலை உயர்ந்த பொருளுக்குப் போக வேண்டும். 2018-இல் ராணுவம் 1,86,138 ஜாக்கெட்டுகளுக்கு 639 கோடி ரூபாயில் ஒப்பந்தம் போட்டது. சராசரியாக ஒன்று 34,000 ரூபாய்.

எடையைவிட எனக்குக் கவலை தருவது அணியும் முறை. தகட்டின் மேல் விளிம்பு, இரண்டு காறை எலும்புகளும் சேரும் தொண்டைக்குழிக்கு நேராக நிற்க வேண்டும். குனிய வசதியாக இருக்கிறதென்று பட்டையைத் தளர்த்தி வயிற்றுக்கு இறக்கி விடுகிறார்கள். இதயத்துக்கு மேலே இருக்கும் பெரிய ரத்தக்குழாய்கள் அப்போது வெளியே நிற்கும். தோட்டா துளைக்காவிட்டாலும் தகடு உள்பக்கம் புடைக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு அமைப்பான என்ஐஜே வகுத்த சோதனையில், பின்னால் வைத்த களிமண்ணில் 44 மி.மீ. பள்ளம் வரை தேர்ச்சிதான். விலா எலும்பு முறிய அது போதும்.

துவைக்கும்போது உறையை மட்டும் துவைக்க வேண்டும். உள்ளே இருக்கும் அராமிட் துணி அடுக்கை ஈரத்திலோ வெயிலிலோ போட்டால் இழை பலம் இழக்கும். பீங்கான் தகட்டைத் தொப்பென்று தரையில் போடும் பழக்கம் இன்னும் மோசம்: உறைக்குள் விழும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்-ரே எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

கே: ஒரே படைக்கு சிக் 716, ஏகே-203 என்று இரண்டு ரைஃபிள்கள் எதற்கு?
– கல்லூரி மாணவர், தென்காசி

ப: தூரமும் சுமையும்தான் காரணம். 2019-இல் 72,400 வாங்கிய சிக் 716-இன் 7.62×51 தோட்டா (குறுக்களவும் உறை நீளமும் மி.மீ.-இல்) எல்லையில் தொலைவுச் சண்டைக்குத் தோது. ஆனால் ஒன்று சுமார் 24 கிராம். அமேதி மாவட்டம் கோர்வாவில் ஆறு லட்சத்துக்கும் மேல் தயாரிக்கத் திட்டமிட்ட ஏகே-203-இன் 7.62×39 தோட்டா 16 கிராம் அளவில் இருக்கும். பழைய இன்சாஸ் ரைஃபிளின் 5.56 தோட்டா 12 கிராம்தான். 200 தோட்டா எடுத்துப் போனால் முறையே 4.8, 3.2, 2.4 கிலோ. தோட்டா அடைக்கும் காலி மேகசீன் எடை வேறு. அமெரிக்கர்களும் இதே சிக்கலில்தான் இருக்கிறார்கள். 6.8 மி.மீ. எம்7 ரைஃபிளுக்கு மாறும் வீரர், பழைய எம்4 ரைஃபிளுக்கு எடுத்துப்போன 210 தோட்டாவுக்குப் பதில் 140 மட்டுமே எடுத்துப் போகிறார்.

கே: கல்வானில் துப்பாக்கி இருந்தும் ஏன் சுடவில்லை? மின்சாரத் தடி போன்றவை அங்கே உதவுமா?
– முன்னாள் ராணுவத்தினர், குன்னூர்

ப: 1996-இல் இந்தியாவும் சீனாவும் செய்த உடன்படிக்கையின் ஆறாம் பிரிவு, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் சுடுவதையும் வெடி வைப்பதையும் தடை செய்கிறது. 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு கல்லும் கம்பியும் தடியுமாக நடந்த கைகலப்பில் நம் தரப்பில் 20 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே நொய்டாவைச் சேர்ந்த ஒரு தனியார் நிறுவனம் திரிசூலம், வஜ்ரம் என்ற பெயர்களில் மின்சார ஆயுதங்களைக் காட்டியது.

பெயர்கள் கம்பீரமாகத்தான் இருக்கின்றன. லடாக் குளிரில் அவை எப்படி வேலை செய்யும் என்பதுதான் கேள்வி. லித்தியம் பேட்டரி உறைகுளிரில் தன் கொள்ளளவில் பெரும்பகுதியை இழக்கும். மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். எதிரே இருப்பவர் பஞ்சு அடைத்த கோட்டு போட்டிருந்தால் மின்முனை தோலை எட்டாது. தள்ளி நின்று கம்பியோடு ஊசி பாய்ச்சி மின்சாரம் செலுத்தும் டேசருக்கும் இதே கதைதான்: இரண்டு ஊசியில் ஒன்று தொளதொளத் துணியில் மாட்டினாலும் மின்சுற்று முழுமையாகாது. மிளகாய்த் தெளிப்பான் குளிரில் அழுத்தம் குறைந்து சொட்டும், எதிர்காற்றில் அடித்தவர் முகத்துக்கே திரும்பும். அந்த உயரத்தில் நான் முதலில் கேட்பது கேடயம், முகமூடியோடு கூடிய ஹெல்மெட், முழங்கை முழங்கால் காப்பு, பிடி வழுக்காத நீளமான தடி. இவற்றுக்கு பேட்டரி தேவையில்லை.

கே: கூட்டத்தைக் கலைக்க போலீஸ் கண்ணீர்ப்புகை வீசலாம், போரில் ராணுவம் வீசக்கூடாது என்று படித்தேன். குண்டு போடலாம், புகை போடக்கூடாதா?
– பள்ளி ஆசிரியர், மயிலாடுதுறை

ப: நியாயமான குழப்பம். 1997-இல் அமலுக்கு வந்த வேதி ஆயுத உடன்படிக்கையின் முதல் பிரிவே, கலவரத் தடுப்பு வேதிப்பொருளைப் போர்முறையாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. உள்நாட்டுச் சட்டம் ஒழுங்குப் பணிக்கு மட்டும் விலக்கு உண்டு. காரணம் வரலாற்றில் இருக்கிறது. முதல் உலகப்போரில் 1914-இலேயே பிரெஞ்சுப் படை கண்ணீர்ப்புகைக் குண்டுகளைப் பயன்படுத்தியது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே ஜெர்மனி குளோரினைத் திறந்துவிட்டது. போர்க்களத்தில் புகை மேகம் ஒன்று நகர்ந்து வரும்போது அது கண்ணை எரிக்குமா, நுரையீரலை அரிக்குமா என்று நின்று பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. நச்சு வாயு என்றே எண்ணிப் பதிலடி தருவார்கள்.

போலீஸ் கையிலும் அது சாது இல்லை. கண்ணீர்ப்புகையில் பரவலாகப் பயன்படும் சி.எஸ். என்பது உண்மையில் வாயுவே அல்ல, திடப்பொருள். எரியும் கலவை அதை நுண்துகளாகப் பரப்புகிறது. அதனால் குப்பி கொதிக்கும்: வைக்கோல், திரைச்சீலை பக்கம் விழுந்தால் தீப்பிடிக்கும். மூடிய அறையில் போட்டால் மூச்சுத் திணறும். குப்பியை ஆளைப் பார்த்து நேராகச் சுட்டால் மண்டை உடையும்.

இதே கேள்வியின் இன்னொரு பாதி, "மயக்க வாயு ஒன்றைக் கண்டுபிடித்தால் என்ன?" என்பது. செச்சென் ஆயுததாரிகள் பணயக்கைதிகளைப் பிடித்து வைத்திருந்த மாஸ்கோ துப்ரோவ்கா அரங்கில் 2002 அக்டோபரில் ரஷ்யப் படை ஃபெண்டனைல் வகை மருந்தைக் காற்றோட்டக் குழாய் வழியே செலுத்தியது. பணயக்கைதிகளில் சுமார் 130 பேர் இறந்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு போய்ச் சேரும்படி ஒரு அரங்கத்தில் மருந்தைப் பரப்ப முடியாது. ஓரத்தில் இருப்பவர் மயங்கும் முன்பே நடுவில் இருப்பவர் மூச்சு நின்றுவிடும்.

கே: ரப்பர் குண்டு, பெல்லட் இரண்டில் எது பரவாயில்லை?
– வழக்கறிஞர், மதுரை

ப: பெல்லட்டை இந்தப் பட்டியலிலேயே சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. காஷ்மீரில் 2010 முதல் பயன்பட்ட 12 போர் (bore, குழல் அளவு) பெல்லட் துப்பாக்கியின் ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான உலோக மணிகள். கிட்டத்தில் சுட்டால் கொத்தாகப் பாய்ந்து ஆளைக் கொல்லும். தள்ளிச் சுட்டால் கூம்பாக விரியும், யார் கண்ணில் ஏறும் என்று சுட்டவருக்கே தெரியாது. இவ்விரண்டுக்கும் நடுவே பத்திரமான தூரம் என்று ஒன்று கிடையாது. 2016-இல் ஏராளமானோர் பார்வை இழந்த பிறகு, மிளகாய்க் காரத்தை ஒத்த பாவா குண்டுகளை மத்திய அரசு கொண்டுவந்தது. பெல்லட்டும் கூடவே நீடித்தது.

ரப்பர் குண்டை பிரிட்டிஷ் ராணுவம் 1970-இல் வட அயர்லாந்துக்குக் கொண்டுபோனது. தரையில் பட்டு எம்பிக் காலில் அடிக்க வேண்டும் என்பது திட்டம். கல்லிலும் தார்ச்சாலையிலும் பட்ட குண்டு எந்தப் பக்கம் எம்பும் என்று யாரால் சொல்ல முடியும்? ரப்பரும் பின்னர் வந்த பிளாஸ்டிக்கும் சேர்ந்து 17 உயிர்களைப் பறித்தன. ஐ.நா.வின் 2020 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: தரையில் பட்டு எம்பச் செய்யக்கூடாது, வன்முறையில் ஈடுபடும் குறிப்பிட்ட ஆளின் அடிவயிறு அல்லது காலைக் குறிவைக்க வேண்டும், தலை, முகம், கழுத்து கூடவே கூடாது.

ராணுவத்துக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. குண்டு ஏவும் 40 மி.மீ. லாஞ்சர் ஸ்பாஞ்சு முனைக் குண்டையும் சுடும், நிஜ வெடிகுண்டையும் சுடும். இரண்டையும் ஒரே பையில் வைத்தால் இருட்டில் கை மாறும். தனித்தனிப் பை, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று. உயிர் பறிக்காத ஆயுதம் ஏந்தியவர் பக்கத்தில் நிஜ ரைஃபிளோடு ஒருவர் காவல் நிற்பதும் கட்டாயம்.

கே: கண் கூசும் லேசர், ஒலிபெருக்கி, வெப்பக் கதிர்... இவற்றில் எது உருப்படி?
– பொறியாளர், கோவை

ப: வெப்பக் கதிரை விட்டுவிடலாம். 95 கிகாஹெர்ட்ஸ் அலையால் தோலில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தைச் சுடும் வண்டியை அமெரிக்கா 2010-இல் ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பியது. ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் திருப்பி எடுத்துக்கொண்டது.

லேசருக்குச் சோதனைச்சாவடியில் இடம் உண்டு. 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் 100 மீட்டரை ஆறு விநாடியில் கடக்கும். ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக் போடுவதற்குள் பாதி போய்விடும். 2005 மார்ச்சில் பாக்தாத் விமான நிலையச் சாலையில் இத்தாலிய உளவு அதிகாரி நிகோலா கலிபாரி அமெரிக்க வீரர்கள் சுட்டு இறந்தது இப்படிப்பட்ட சில விநாடிகளில்தான். அதனால் அடுக்கடுக்காகத் தடுக்க வேண்டும்: தொலைவில் உள்ளூர் மொழியிலும் படத்திலும் பலகை, அடுத்து வளைந்து வளைந்து போகவைக்கும் தடுப்புகள், பிறகு பச்சை லேசர், கடைசியாக முள்பட்டை. லேசர், தூசி படிந்த கண்ணாடியில் சிதறி ஓட்டுநரை நிறுத்தும். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் கண்ணுக்கு ஆபத்தில்லாத குறைந்தபட்ச தூரம் உண்டு, அதற்குள் நெருங்கிவிட்டால் அணைத்தாக வேண்டும். நிரந்தரமாகக் குருடாக்கவென்றே செய்த லேசரை 1995-இன் வியன்னா நெறிமுறை தடை செய்கிறது. ஒலிபெருக்கி, தெளிவாக நாலு வார்த்தை சொல்லக் கிடைத்த நல்ல கருவி. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கே: பணம் குறைவு, ஒரே ஒரு பொருள்தான் வாங்கித் தரலாம் என்றால்?
– வாசகர், திருநெல்வேலி

ப: கை காலில் ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கெட் என்ற இறுக்குப் பட்டை, ஆளுக்கு இரண்டு. எந்தக் கையாலும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பைக்கு அடியில் அல்ல. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மீது படாமல் கட்டி, முதலில் பட்டையை நன்றாக இழுத்த பிறகே அதிலுள்ள இறுக்கும் குச்சியைத் திருக வேண்டும். பட்டை தளர்வாக இருந்தால் எத்தனை சுற்றுத் திருகினாலும் நரம்பு வலிக்குமே தவிர ரத்தம் நிற்காது. நின்றதும் நேரத்தை அதிலேயே எழுத வேண்டும். இடையில் தளர்த்திப் பார்க்கக் கூடாது. பயிற்சிக்குப் பயன்படுத்தியதைச் சண்டைக்கு எடுத்துப் போகவே கூடாது: பலமுறை திருகிய பட்டை நைந்திருக்கும், குச்சி வளைந்திருக்கும்.