ஓடாமல் எடுத்த நான்கு

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'ரன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 645 அர்த்தங்கள் இருப்பதாக வகுப்பில் சொன்னார்கள். நோட்டில் எழுத ஆரம்பித்து 60-க்கு மேல் போகமுடியவில்லை. எப்படி மனப்பாடம் செய்வது? எந்த அகராதி வாங்கலாம்? தமிழில் இப்படி ஒரு சொல் இல்லாததுதான் நம் குறையா? (என் பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியைக் கேட்டதற்கு உன்னைத் திட்டவேண்டும், பிறகு பார்க்கலாம். அகராதி எது வேண்டுமானாலும் வாங்கு, உதாரண வாக்கியங்கள் நிறைய இருந்தால் போதும்.

645 பொய்யில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதிய திருத்தத்துக்காக பீட்டர் கில்லிவர் என்பவர் ஒன்பது மாதம் அந்த ஒரே சொல்லோடு மல்லுக்கட்டினார். அதுவும் வினைச்சொல்லாக வரும் 'ரன்' மட்டும். அதற்கு முன் 1989 பதிப்பில் முதலிடம் 'செட்' என்ற சொல்லுக்கு, சுமார் 430 அர்த்தங்கள். இடையில் வெள்ளைக்காரர்கள் புதிதாக ஓடக் கற்றுக்கொண்டார்களா என்ன? அகராதிக்காரர் எவ்வளவு நுணுக்கமாக நறுக்குகிறாரோ அவ்வளவு துண்டு. அது அவருடைய தொழில், உன்னுடையது இல்லை. இதைத்தான் ரொம்ப நாளாக யாரிடமாவது சொல்லவேண்டும் என்றிருந்தேன், நீ வந்து மாட்டிக்கொண்டாய்.

எங்கள் வீட்டு ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை தமிழில் ஓடும். ஒருமுறை பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதும், "ஓடவேண்டிய அவசியமே இல்லாமல் நான்கு ஓட்டங்கள்" என்றார் வர்ணனையாளர். அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் ஆத்தா, "ஓடவே இல்லையாம், நாலு ஓட்டமாம், யாருடா ஓடுனது?" என்று கேட்டாள். மாமாக்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு இன்றைக்கும் அந்தச் சிரிப்பின் மேல் கோபம் உண்டு. அவள் கேட்டதில் என்ன தப்பு? முதலில் இரண்டு பக்கத்து ஸ்டம்புகளுக்கு நடுவே நிஜமாகவே ஓடினார்கள், அந்த ஓட்டத்தை எண்ணினார்கள், எண்ணி எண்ணி அந்த எண்ணிக்கைக்கே ரன் என்று பெயராகிவிட்டது, அப்புறம் ஓடவேண்டிய தேவை போய்விட்டது. அர்த்தம் இப்படித்தான் ஒன்றிலிருந்து ஒன்றாக நகர்கிறது. நகர்ந்த வழி தெரிந்தால் மனப்பாடம் எதற்கு?

2007 செப்டம்பரில் இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் வங்கி வாசலில், வங்கி மூழ்கிவிடுமோ என்ற பயத்தில், போட்ட பணத்தை எடுக்க ஜனம் மணிக்கணக்கில் வரிசையில் நின்றது. நின்றதுதான், யாரும் ஓடவில்லை. ஆனால் அதற்கும் பெயர் ரன். பதறியடித்துக்கொண்டு எல்லோரும் ஒரே திசையில் போவது அதற்குள் இருக்கிறது, காலைப் பார்க்காதே. தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டிஷ் வேட்பாளர் நிற்கிறார், இரண்டு பேருக்கும் வேண்டியது நாற்காலிதான். (நம்மூர் வேட்பாளரும் நிற்கத்தான் செய்கிறார்.) ரயிலும் மில் இயந்திரமும் வந்தபோது அவையும் 'ரன்' ஆயின, பிறகு கம்ப்யூட்டர் புரோகிராமும். மூக்கு ஒழுகுவதற்கும் அதே சொல்தான், அதை விடு.

சரி, இப்போது திட்டு. தமிழில் இல்லையா? கடை ஓடுகிறது, பொழுது ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, படம் 100 நாள் ஓடுகிறது, பரீட்சைக்கு முன்னால் உனக்கு ஒன்றும் ஓடமாட்டேன் என்கிறது. இதையெல்லாம் எந்த நோட்டில் எழுதிப் படித்தாய்? உன் அம்மா பேசும்போது பக்கத்தில் இருந்தாய், அவ்வளவுதானே. உன்மேல் எனக்குக் கோபமில்லை. ராத்திரி உட்கார்ந்து 60 எழுதியிருக்கிறாய் பார், அந்த உழைப்பு பெரிது. உன்னை அதில் உட்காரவைத்தவர்கள் மேல்தான் கோபம். எண்ணைச் சொல்லி மிரட்டுவது பாடம் நடத்துவதாகாது.

நோட்டை மூடிவிட்டு ஆங்கிலப் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தையும் வியாபாரப் பக்கத்தையும் படி. 'ரன்' எங்கே வந்தாலும் அந்த முழு வாக்கியத்தையும் எழுதிவை, முன்னால் யார் இருக்கிறார்கள், பின்னால் எது வருகிறது என்று பார். புரியாத வாக்கியத்தை எனக்கு அனுப்பு. எண்ணிக்கையை அனுப்பாதே.