டிராக்டர் கப்ளரில் ஆயில் ஒழுகினால் செட்டையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: டிப்பர் டிரெய்லருக்கு ஹோஸ் மாட்டும் ஹைட்ராலிக் கப்ளரில் (ஆயில் குழாய் இணைப்பில்) ஆயில் சொட்டுகிறது. ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை மாற்றிப் பத்தே நாளில் மறுபடி ஒழுகல். ஒர்க்‌ஷாப்பில் ஆண் (ஹோஸ் முனை), பெண் (டிராக்டரில் அது நுழையும் பாகம்) இரண்டையும் செட்டாக மாற்றச் சொல்கிறார்கள். தேவைதானா?

பதில்: எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். கப்ளரைத் துடைத்துவிட்டு, காலி டிரெய்லரைத் தூக்கிப் பாருங்கள். கையால் தடவித் தேட வேண்டாம். 150 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் அழுத்தத்தில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத்துண்டைக் காட்டினால் கறை படியும், அது போதும்.

பின்பக்க மரையில் ஈரம் தெரிந்தால் கப்ளர்மேல் குற்றமில்லை, சீல் வாஷரை மாற்றுங்கள். ஹோஸைக் கழற்றிய பிறகும் பெண் கப்ளரின் வாயில் சொட்டினால், உள்ளிருக்கும் வால்வு சரியாக உட்காரவில்லை. டீசலில் கழுவியும் நிற்காவிட்டால் பெண் கப்ளரை மட்டும் மாற்றலாம்.

மாட்டியிருக்கும்போது இரண்டும் சேருமிடத்தில் ஒழுகினால்தான் ஓ-ரிங் விவகாரம். பத்து நாளில் போனதென்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். பெரும்பாலான கப்ளர்களில் ஓ-ரிங் உட்காரும் காடிக்குள் ஓ-ரிங்கோடு வெள்ளையாக ஒரு டெஃப்லான் வளையமும் இருக்கும். பழையதைக் கழற்றும்போது குப்பையென்று அதை எறிந்துவிடுவார்கள், அல்லது இடம் மாற்றிப் போடுவார்கள். ஆயில் வரும் உள்பக்கம் ஓ-ரிங், வாய்ப்பக்கம் டெஃப்லான், இதுதான் வரிசை. அது இல்லாவிட்டால் அழுத்தம் ரப்பரை இடுக்குக்குள் பிதுக்கி, நறுக்கிவிடும்.

இன்னொரு காரணம் ஆண் முனை. வெயிலில் கிடந்த ஹோஸுக்குள் அழுத்தம் ஏறினால் முனை உள்ளே போகாது. உடனே சுத்தியலால் தட்டுவார்கள். அந்தத் தழும்பு ஒவ்வொரு முறையும் புது ஓ-ரிங்கைக் கிழிக்கும். நகத்தால் வருடுங்கள், தட்டுப்பட்டால் ஆண் முனையை மாற்றியே ஆக வேண்டும். தட்டுவதற்குப் பதில், தொட்டியைக் கீழே இறக்கி, இன்ஜினை அணைத்து, லீவரை முன்னும் பின்னும் நாலைந்து முறை அசைத்தால் டிராக்டர் பக்கத்து அழுத்தம் இறங்கிவிடும். ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பும் இதையே செய்தால் அடுத்த முறை மாட்டச் சிரமமிருக்காது.

சொட்டுதானே என்று விடவும் முடியாது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். பல டிராக்டர்களில் ஹைட்ராலிக்குக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான், இங்கே ஒழுகினால் அங்கேயும் குறையும்.

கேள்வி: புதிது வாங்கப் போனால் எதைப் பார்த்து வாங்குவது? பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருக்கிறார்களே?

பதில்: பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். மரையில் பிஎஸ்பி, என்பிடி என்று இரண்டு வகை உண்டு. அரை அங்குல பிஎஸ்பி, அரை அங்குல என்பிடி இரண்டிலும் அங்குலத்துக்கு 14 மரைதான், ஆனால் மரையின் கோணம் 55, 60 பாகை என்று வேறு. ஒன்றில் மற்றொன்று சில சுற்று ஏறும், பிறகு காலத்துக்கும் ஒழுகும். டேப் சுற்றிச் சமாளிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். கம்ப்ரசருக்கு மாட்டும் காற்றுக் கப்ளர் விலை மலிவு, பார்க்கவும் அதேபோல இருக்கும். அது பத்துப் பதினைந்து பாருக்கானது. பில்லில் அளவையும் தாங்கும் அழுத்தத்தையும் எழுதி வாங்குங்கள்.

அந்த அச்சு வாசகம் குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், அதைத் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். கடைக்காரர் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள்.