தெருமுனை சுஷிக் கடைக்கு அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி: வேலைக்காக டோக்கியோவின் நிஷி கசாயில் குடியிருக்கிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் எட்டுப் பத்துப் பேர் உட்காரும் அளவுக்கு ஒரு சின்ன சுஷிக் கடை. வாசலில் துணித்திரை தொங்குகிறது, விலைப்பட்டியல் எதுவும் கண்ணில் படவில்லை. அடுத்த மாதம் ஊரிலிருந்து பெற்றோர் வருகிறார்கள். அப்பா மீன் சாப்பிடுவார், ஆனால் பச்சையாகச் சாப்பிட்டதில்லை. அம்மா சைவம். அங்கே அழைத்துப் போகலாமா? எப்படிக் கேட்டு வாங்குவது? எவ்வளவு செலவாகும்?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே, ஒரு நாள் மதியம் நீங்கள் மட்டும் போய் வாருங்கள். வாசலில் நோரென் எனப்படும் அந்தத் திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். உள்ளே எடுத்து வைத்திருந்தால் மூடிவிட்டார்கள். மதியத்தில் பெரும்பாலான கடைகள் விலை குறித்த தட்டுகளைத் தருகின்றன. பொதுவாக ஆயிரம் யென்னுக்குச் சற்று மேலிருந்து இரண்டாயிரம், மூவாயிரம் யென் வரை போகும். இரவில் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினால் ஒருவருக்கு ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் யென் வரை எளிதாக ஆகிவிடும். ஒரு முறை முகம் தெரிந்துவிட்டால், பெற்றோரோடு போகும்போது கடைக்காரரே பார்த்துக்கொள்வார்.

வாங்குவதில் மூன்று முறைகள் உண்டு. ஓகிமாரி என்றால் விலையும் எண்ணிக்கையும் முன்பே முடிவான தட்டு. நாமி (சாதாரணம்), ஜோ (உயர்ந்தது), தொகுஜோ (மிக உயர்ந்தது) என்று மூன்று தரங்களில் இருக்கும். நாமி என்றால் மட்டமான மீன் என்று நினைக்க வேண்டாம், விலை உயர்ந்த வகைகள் அதில் இருக்காது, அவ்வளவுதான். ஓகோனோமி என்பது நீங்களே ஒவ்வொன்றாகக் கேட்பது. ஓமகாசே என்றால் சமையல்காரர் விருப்பத்துக்கு விட்டுவிடுவது. பெற்றோருடன் போகும்போது ஓகிமாரிதான் சரி. தட்டில் எட்டு முதல் பத்து நிகிரி, அதாவது கையால் பிடித்த சோற்றின்மேல் மீன் வைத்த துண்டுகள், இருக்கும். இந்தப் பத்துக் கணக்குக்கு ஒரு பின்னணி உண்டு: போருக்குப் பின், 1947-இல் உணவுக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், வாடிக்கையாளர் ஒரு கோ அரிசி, அதாவது சுமார் 150 கிராம், கொண்டுவந்து கொடுத்தால் அதைப் பத்து நிகிரியாகப் பிடித்துத் தரலாம் என்று அனுமதித்தார்கள். அந்த அளவே ஒரு ஆள் பங்காக நிலைத்துவிட்டது.

விலை எழுதாத கடையில் தயங்கவே வேண்டாம். மீன் விலை நாளுக்கு நாள் மாறுவதால்தான் பலகையில் ஜிகா, அதாவது அன்றைய சந்தை விலை, என்று எழுதுகிறார்கள். உட்கார்ந்ததுமே "ஹிதோரி கோசென் யென் குராய் தே ஒனெகாய் ஷிமாஸ்" என்று சொல்லிவிடுங்கள். ஆளுக்கு ஐயாயிரம் யென் அளவில் கொடுங்கள் என்று பொருள். இது கௌரவக் குறைவு இல்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யக் கடைக்காரருக்கும் அது உதவும்.

இனி அம்மா விஷயம். இதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். மீன் துண்டு கண்ணில் படாவிட்டாலும் தாஷி எனப்படும் சாறு பல இடங்களில் ஒளிந்திருக்கும். காய்ந்த கட்சுவோ மீன் சீவலிலிருந்து எடுப்பது அது. மிசோ சூப்பில் இருக்கும். தாமாகோ எனப்படும் இனிப்பு முட்டை அடையில் இருக்கும், சில கடைகளில் அதோடு இறால் விழுதும் சேர்ப்பார்கள். இனாரி சுஷியின் டோஃபு பையையும் பெரும்பாலும் அதில்தான் வேகவைக்கிறார்கள். நம்பிச் சாப்பிடக்கூடியவை கப்பா மாகி என்ற வெள்ளரிச் சுருள், நாத்தோ மாகி என்ற புளித்த சோயாச் சுருள் (கூடவே வரும் சாஸைத் தவிர்க்கச் சொல்லுங்கள்), உப்பில் ஊறிய உமே பழமும் ஷிசோ இலையும் வைத்த உமே ஷிசோ மாகி. கன்பியோ மாகியைப் பார்த்தால் அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும். அது நம் சுரைக்காயேதான்: நாடாபோல் சீவி உலர்த்தி, சோயாவிலும் சர்க்கரையிலும் வேகவைத்தது. ஜப்பானில் விளையும் கன்பியோவில் பெரும்பகுதி தொச்சிகி மாவட்டத்தில் விளைகிறது. அதிலும் தாஷி சேர்ப்பதுண்டு என்பதால் கேட்டுவிட்டே கொடுங்கள்.

கடைக்குப் போன பிறகு கேட்டால் போதாது. இரண்டு நாள் முன்பே, மதியம் இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் தொலைபேசியில் அழையுங்கள். மற்ற நேரத்தில் கடைக்காரர் கை ஓயாது. "சகானா நோ தாஷி மோ தபேராரெமாசென்", அதாவது மீன் சாறும் ஆகாது, என்று தெளிவாகச் சொல்லுங்கள். மீன் வெட்டிய அதே கத்தி, அதே பலகை என்பது அம்மாவுக்கு ஒப்பாது என்றால் அவரை இந்தக் கடைக்கு அழைத்துவர வேண்டாம். எட்டுப் பேர் கடையில் தனிப் பலகை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதே அழைப்பில் மேசை இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சில கடைகளில் மேசைக்குப் பதில் பாய் விரித்த மேடைதான் இருக்கும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது கஷ்டம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பல புதன்கிழமைகளிலும் டோக்கியோவின் தோயோசு மீன் மொத்தச் சந்தைக்கு விடுமுறை. பல சுஷிக் கடைகளும் அன்று அடைத்திருக்கும்.

அப்பாவுக்கு வேகவைத்த வகைகளிலிருந்து தொடங்குங்கள்: எபி என்ற இறால், தாகோ என்ற ஆக்டோபஸ், அனாகோ என்ற கடல் விலாங்கு. அவை பிடித்துவிட்டால் ஜப்பானில் 'தாய்' என்று சொல்லும் மீன் போன்ற வெள்ளைச் சதை மீன், பிறகு சூரையின் சிவந்த பகுதியான அகாமி. நம் ஆட்கள் சூரை என்றதும் கவிச்சியை நினைத்துத் தயங்குவார்கள். நல்ல அகாமியில் அந்த வாடையே வராது. சூரையின் கொழுப்பு மிகுந்த வயிற்றுப் பகுதியான ஓத்தோரோவை முதலிலேயே கொடுத்தால் அதன் பின் வருவதெல்லாம் சப்பென்றிருக்கும். பழைய பாணிக் கடையில் சால்மன் இல்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். பச்சைச் சால்மன் சுஷியில் பரவியது 1980-களில் நார்வே தன் மீனை அங்கே சந்தைப்படுத்திய பிறகுதான். வாசாபி என்ற பச்சைக் கார விழுது வேண்டாம் என்றால் "சாபி நுகி", சோறு குறைவாக வேண்டும் என்றால் "ஷாரி சுகுநமே".

நிகிரியைத் தட்டில் வைத்த உடனே சாப்பிட வேண்டும். மற்ற எல்லா முறைகளையும்விட இது முக்கியம். சோறு உடல் சூட்டில் இருக்கும்போது பிடிக்கிறார்கள். ஐந்து நிமிடம் படம் எடுத்துக்கொண்டிருந்தால் சோறு ஆறி இறுகும், மீன் காயும், சுருளின் கடற்பாசி ஈரம் குடித்து ரப்பராகும். கையால் எடுத்துச் சாப்பிடலாம், அப்பாவுக்கு அதுவே வசதி. பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, மீனின் ஓரம் மட்டும் சோயாவில் படும்படி தொட வேண்டும். சோற்றுப் பக்கத்தைத் தொட்டால் அது சாஸை உறிஞ்சி உதிர்ந்துவிடும், மீனின் ருசியும் உப்பில் மூழ்கும். இகுரா என்ற சால்மன் சினை போன்றவற்றைச் சாய்க்க முடியாது. இஞ்சி ஊறுகாய்த் துண்டைச் சோயாவில் நனைத்து மேலே தடவிக்கொள்ளுங்கள். அனாகோமேல் இனிப்புச் சாஸ் ஏற்கெனவே பூசியிருக்கும், சோயா வேண்டாம். வாசாபியும் மீனுக்கடியில் இருக்கிறது, தனியாகக் கரைக்க வேண்டியதில்லை. மீனை மட்டும் எடுத்துத் தின்றுவிட்டுச் சோற்றை ஒதுக்குவது, அதைப் பிடித்துக் கொடுத்தவர் மனத்தைப் புண்படுத்தும். போகும் அன்று வாசனைத் தைலம் பூசாமல் இருப்பதும், மரப் பலகைமேல் கைப்பை, கைபேசி வைக்காமல் இருப்பதும் நல்லது.

பச்சை மீனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கக்கூடும். கானாங்கெளுத்தி இனமான சாபாவில் இது அதிகம். மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறையவைத்தால் சாகும். காடி, உப்பு, வாசாபி எதற்கும் சாகாது. கடைக்காரர்கள் கண்ணால் பார்த்து அகற்றுவார்கள், அதனால் பயந்துகொண்டு சாப்பிட வேண்டியதில்லை. ஆனால் சாப்பிட்ட சில மணி நேரத்தில் மேல்வயிற்றில் கடும் வலி வந்தால் அப்பாவை உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போய் இன்ன மீன் சாப்பிட்டார் என்று சொல்லுங்கள். உள்நோக்கிக் குழாய் விட்டுப் புழுவை எடுத்துவிடுவார்கள்.

பணம் கொடுக்கும்போது "ஓகைகேய் ஒனெகாய் ஷிமாஸ்" என்றால் போதும். பக்கத்தில் இருப்பவர் "ஓஐசோ" என்று கேட்கலாம். அது கடைக்காரர் தரப்புச் சொல், நீங்கள் சொல்ல வேண்டாம். அட்டை வாங்காத சிறு கடைகள் இன்னும் உண்டு, கையில் ரொக்கம் வைத்திருங்கள். டிப்ஸ் கிடையாது.