பழைய பூப்படங்களைச் சுவரில் மாட்டுவது: கேள்வி பதில்

பழைய தாவரவியல் நூல்களுக்காக அச்சிட்ட வெப்பமண்டலப் பூக்களின் படங்களை வீட்டில் மாட்ட நினைப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: என்னிடம் ஒரு ஆர்க்கிட் படம் இருக்கிறது. பழைய அச்சா, இப்போது எடுத்த நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். பூவிதழின் மேல் வைத்துப் பாருங்கள். நாலு நிறப் புள்ளிகள் ஒரே சீராகச் சிறு வட்டங்களாகக் கூடியிருந்தால் நவீன ஆஃப்செட் அச்சு. வண்ணம் நீர் ஓடியதுபோல் பரவி, கோட்டைத் தாண்டி இங்கொன்றும் அங்கொன்றுமாக வழிந்திருந்தால் கையால் தீட்டியது. செப்புத்தகட்டில் அச்சிட்டதென்றால் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். பள்ளம் இல்லை என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். ஓரத்தை வெட்டியிருக்கலாம், அல்லது அது கல்லில் வரைந்து அச்சிடும் லித்தோ அச்சாக இருக்கலாம்.

கையால் தீட்டியதெல்லாம் மிகப் பழையது என்றும் எண்ண வேண்டாம். 1787இல் தொடங்கிய கர்டிஸின் தாவரவியல் இதழ் 1948 வரை கையால்தான் வண்ணம் தீட்டியது. அதன் படங்கள் சிலவற்றில் மடிப்புத் தடம் இருக்கும். இதழ் சிறியது, படம் பெரியது, அதனால் மடித்துத் தைத்தார்கள். அது குறையல்ல.

கேள்வி: யாருடைய படங்களைத் தேடலாம் சார்? எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது.

பதில்: நாலைந்தை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியாது. ஓவியர் மரியா சிபில்லா மெரியன் தென் அமெரிக்காவின் சூரினாமில் தங்கி வரைந்து 1705இல் வெளியிட்டவற்றில் பூவைவிடப் புழுவுக்குத்தான் மரியாதை அதிகம். கம்பளிப்பூச்சி, கூடு, வண்ணத்துப்பூச்சி எல்லாம் ஒரே செடியில் இருக்கும். எனக்கு உயிர். ஆனால் சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டினால் வீட்டில் சண்டை வரும். ராபர்ட் தார்ன்டன் வெளியிட்ட படங்கள் நாடகமேடை போல இருக்கும்: இரவில் பூக்கும் கள்ளிப்பூவுக்குப் பின்னால் நிலவொளி, மணிக்கூண்டு, அதில் நள்ளிரவு மணி! அறைக்கு அப்படி ஒன்றே போதும். பெர்த்தா ஹோலா வான் நூட்டன் ஜாவாவில் வரைந்தவை அடர்ந்த வண்ண லித்தோக்கள். வெறும் வெள்ளைச் சுவரை நிறைத்துவிடும்.

நம் பக்கத்து ஓவியர்களான ரங்கையாவையும் கோவிந்துவையும் மறக்க வேண்டாம். தென்னிந்தியச் செடிகளை ஆராய்ந்த தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் தாவர நூல்களுக்கு வரைந்தவர்கள். வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட பெருந்தொகுப்பில் பெரும்பாலானவை வண்ணமில்லாத கோட்டுப்படங்கள். சின்ன அறைக்கு நான் முதலில் சொல்வது இவற்றைத்தான். வண்ணப்படம் நெருக்குகிற இடத்தில் கோட்டுப்படம் மூச்சு விட இடம் தரும். மலபார் செடிகளைப் பற்றிய 17ஆம் நூற்றாண்டு நூலான ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ செப்புத்தகட்டுப் படங்களும் அப்படியே. செடியின் பெயர் லத்தீன், மலையாளம், அரபு எழுத்துகளில் படத்திலேயே இருக்கும். ஃபிரேம் போடும்போது அதை மறைத்துவிடாதீர்கள்.

கேள்வி: இணையத்தில் இறக்கி அச்சடித்தால் மட்டமாகத் தெரியுமா?

பதில்: கோப்பு சிறியதாக இருந்தால் தெரியும். ஏ3 அளவுக்கு 3508 × 4961 பிக்சல் வேண்டும். பல்லுயிர் மரபு நூலகத்தின் தளத்தில் இந்த நூல்கள் பலவற்றின் ஸ்கேன்கள் இலவசம். பளபளப்பில்லாத பருத்தித் தாளில் அச்சிடுங்கள். பழுப்பேறிய பின்னணியைச் சுத்த வெள்ளையாக்கிவிட்டால் படம் நாட்காட்டிப் படமாகிவிடும். கறையை மட்டும் எடுத்தால் போதும்.

கேள்வி: நல்ல வெயில் வரும் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் பழைய படத்தை மாட்டலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கண்ணாடி கெடுதலைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் வண்ணத்தைத் தின்னும். அருங்காட்சியகங்கள் இத்தகைய தாள்களுக்கு 50 லக்ஸ் (ஒளியின் அளவு) என்ற மங்கலான வெளிச்சமே வைக்கின்றன. அன்றைய ஓவியர்கள் பலர் பச்சையை மஞ்சளும் நீலமும் கலந்து எடுத்தார்கள். மஞ்சள் முதலில் வெளிறும், இலை நீலமாகிவிடும். போனது திரும்பாது. அந்தச் சுவருக்கு நகல், நிழலான நடைவழிக்கு அசல்.

கேள்வி: ஃபிரேம் கடையில் படத்தை அட்டையில் ஒட்டிவிடலாம் என்கிறார்கள்.

பதில்: ஒட்ட விடாதீர்கள். செல்லோடேப்பும் கூடாது. அமிலமில்லா மவுண்ட் அட்டை (ஃபிரேமுக்குள் படத்தைச் சுற்றி வரும் அட்டை) போட்டு, மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாள் துண்டுகளால், கோதுமை மாவுப் பசை வைத்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். தாள் சுருங்கி விரிய இடம் வேண்டும். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பழுப்புப் புள்ளிகள் இருந்தால் ப்ளீச் வைத்துப் பார்க்கும் வேலை வேண்டாம், தாள் பராமரிப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: குளியலறையில்?

பதில்: நகல் மட்டும்.

கேள்வி: ஆறு படங்களை எப்படி வரிசைப்படுத்துவது?

பதில்: ஒரே நூலிலிருந்து எடுத்த ஆறு என்றால் ஒரே ஃபிரேம், மூன்று மூன்றாக இரண்டு வரிசை, நடுவே 5 செ.மீ. இடைவெளி. மொத்தத் தொகுப்பின் மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 145 செ.மீ. உயரத்தில் வரட்டும், சோபாவுக்கு மேல் என்றால் இன்னும் கொஞ்சம் இறக்கலாம். வேறு வேறு நூல்களைக் கலப்பதென்றால் மவுண்டின் நிறத்தையாவது ஒன்றாக வையுங்கள். முதலில் அதே அளவில் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்துவிட்டு, பிறகு ஆணி அடியுங்கள்.