நடிகை டாப்சியின் கணவர் என்பதைத் தவிர மத்தியாஸ் போ யார்?

திருமணச் செய்திக்குப் பிறகு இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. உண்மையில் அவர் டென்மார்க்கின் தலைசிறந்த இறகுப்பந்து இரட்டையர் ஆட்டக்காரர்களுள் ஒருவர்.

1980இல் பிறந்த போ இடக்கையர்; அவருடைய நீண்டகால இணை கார்ஸ்டன் மோகன்சன் வலக்கையர். பின்களத்திலிருந்து மோகன்சன் ஓங்கி ஸ்மாஷ் அடிக்க, தடுமாறித் திரும்பி வரும் ஷட்டிலை வலையருகே காத்திருக்கும் போ கண்ணிமைக்கும் நேரத்தில் கீழே தட்டிவிடுவார். இந்தக் கூட்டணி 2011, 2015 ஆகிய ஆண்டுகளில் ஆல் இங்கிலாந்து பட்டத்தை வென்றது. என் பார்வையில் அவர்களுடைய உச்சம், கோப்பை எதுவும் கையில் கிடைக்காத 2012 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதிதான்: தென்கொரியாவின் சுங் ஜே சுங், லீ யோங் டே இணையிடம் முதல் செட்டை 17-21 என இழந்தும், அடுத்த இரண்டையும் 21-18, 22-20 என்று கைப்பற்றினர். இறுதியில் சீனாவின் காய் யுன், ஃபூ ஹாய்ஃபெங் இணையிடம் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றனர்.

2016 தொடக்கத்தில் மோகன்சனுக்கு மூளை இரத்தக்குழாய் வீக்கம் ஏற்பட்டது; ஆயினும் இருவரும் அவ்வாண்டே ரியோ ஒலிம்பிக்கில் களமிறங்கினர்.

2020இல் ஓய்வுபெற்ற போ, பின்னர் இந்தியாவின் சாத்விக், சிராக் இணைக்குப் பயிற்சியளித்தார். 2023இல் அவ்விணை ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று, உலகத் தரவரிசையில் முதலிடத்தையும் பிடித்தது. பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் அவர்கள் வெளியேறியதும், அவர் பயிற்சியாளர் பணியிலிருந்து விலகினார்.