ஜெல்லில் தெரியும் இரண்டு பட்டைகளில் எம்.ஆர்.என்.ஏ. எது? – கேள்வி பதில்

கேள்வி: ஆர்.என்.ஏ., எம்.ஆர்.என்.ஏ. இரண்டும் ஒன்றா, வேறா? எவ்வளவு படித்தும் குழப்பம் தீரவில்லை.

எம்.ஆர்.என்.ஏ. (மெசஞ்சர் ஆர்.என்.ஏ., அதாவது தூது ஆர்.என்.ஏ.) என்பது ஆர்.என்.ஏ.வில் ஒரு வகை, அவ்வளவுதான். ரைபோஸ் சர்க்கரை, பாஸ்பேட், அடினின், குவானின், சைட்டோசின், யுராசில் என்று அடிப்படைச் சரக்கு எல்லா ஆர்.என்.ஏ.வுக்கும் பொது. வேறுபாடு வேலையில் இருக்கிறது. எம்.ஆர்.என்.ஏ. வாசிக்கப்படுவதற்கென்றே உண்டாவது. மரபணுவின் படியாக, புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோமுக்குப் போய், மும்மூன்று எழுத்தாக (அடினின் முதலான நான்கில் ஒவ்வொன்றும் ஓர் எழுத்து) வாசிக்கப்பட்டு, புரதமாகிறது. மற்ற வகைகளை ரைபோசோம் வாசிப்பதில்லை. அவை தாமே வேலை பார்க்கின்றன. கடத்து ஆர்.என்.ஏ. அமினோ அமிலத்தைச் சுமந்து வரும். ரைபோசோம் ஆர்.என்.ஏ. ரைபோசோமின் உடம்பாகவே இருக்கும். சுமார் 22 எழுத்தே உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ., குறிப்பிட்ட எம்.ஆர்.என்.ஏ.க்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை அடக்கி வைக்கும்.

கேள்வி: எலியின் கல்லீரலிலிருந்து மொத்த ஆர்.என்.ஏ.வைப் பிரித்து ஜெல்லில் ஓட்டினேன். இரண்டே பட்டைகள் தெரிகின்றன. எது எம்.ஆர்.என்.ஏ.?

இரண்டுமே இல்லை! ஜெல்லில் ஆர்.என்.ஏ. நீளப்படி பிரியும், நீளமானது மேலே நிற்கும். மேலே நிற்பது 28எஸ், கீழே நிற்பது 18எஸ் (எஸ் என்பது மூலக்கூறு சுழற்சியில் படியும் வேகத்தைக் குறிக்கும் அலகு). இரண்டும் ரைபோசோம் ஆர்.என்.ஏ. செல்லில் உள்ள மொத்த ஆர்.என்.ஏ.வில் சுமார் 80 சதவீதம் அந்த இனம்தான். எம்.ஆர்.என்.ஏ. 5 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். அதுவும் ஒரே நீளத்தில் இருக்காது. ஆயிரக்கணக்கான மரபணுக்களின் படிகள், சில நூறு எழுத்திலிருந்து பல ஆயிரம் எழுத்து வரை. அதனால் பட்டையாகச் சேராமல் ஜெல் முழுக்க மங்கலாகத் தீற்றியதுபோல் கிடக்கும். உங்கள் ஜெல்லில் 28எஸ் பட்டை 18எஸ்ஸைவிட ஏறக்குறைய இரு மடங்கு பளிச்சென்று இருந்தால், ஆர்.என்.ஏ. சிதையாமல் வந்திருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம்.

எம்.ஆர்.என்.ஏ. மட்டும் வேண்டுமென்றால் அதன் வாலைப் பிடிக்க வேண்டும். விலங்கு செல்களில் பெரும்பாலான எம்.ஆர்.என்.ஏ.வின் முடிவில் அடினின் மட்டுமே வரிசையாக நீளும் வால் ஒன்று உண்டு. அடினினோடு ஜோடி சேரும் தைமின் தொடர் ஒட்டிய காந்த மணிகளில் அந்த வால் சிக்கிக்கொள்ளும். மற்றவற்றைக் கழுவி விடலாம். டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களுக்கான எம்.ஆர்.என்.ஏ.க்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வால் கிடையாது, தப்பிவிடும். இப்படி நீண்ட வால் பொதுவாக இல்லாத பாக்டீரியாவில் இந்த வழியை முயலவே வேண்டாம்.

கேள்வி: புரதம் உருவாவதில் எம்.ஆர்.என்.ஏ.தானே முக்கியம்? ரைபோசோம் வெறும் மேடைதானே?

இப்படி நினைப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் வேதிவினையை நடத்துவது ரைபோசோமின் பெரிய துணை அலகில் இருக்கும் ஆர்.என்.ஏ.தான். 2000ஆம் ஆண்டில் ரைபோசோமின் அணு அமைப்பு வெளியானபோது, அந்த இணைப்பு நடக்கும் இடத்தில் ஆர்.என்.ஏ. மட்டுமே சூழ்ந்திருப்பது தெரிந்தது. எம்.ஆர்.என்.ஏ.வின் மூன்றெழுத்துத் தொகுதியான கோடானும் கடத்து ஆர்.என்.ஏ.வும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று சோதிக்கும் சிறிய துணை அலகின் அமைப்பைக் கண்டவர்களில் முக்கியமானவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2009இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். என்னைக் கேட்டால், செல்லின் உண்மையான உழைப்பாளி எம்.ஆர்.என்.ஏ. அல்ல, ரைபோசோம் ஆர்.என்.ஏ.தான்.

கேள்வி: எம்.ஆர்.என்.ஏ. எவ்வளவு நேரம் நிலைக்கும்?

ஈ. கோலை பாக்டீரியாவில் பெரும்பாலும் சில நிமிடம். மனித செல்லில் பொதுவாகச் சில மணி நேரம், சிலவற்றுக்கு இன்னும் கூட. ரைபோசோம் ஆர்.என்.ஏ.வோ நாள்கணக்கில் தாங்கும். எந்தப் புரதம் எப்போது தேவை என்பது மாறிக்கொண்டே இருக்கிறது, பழைய படிகள் சுற்றிக்கொண்டிருந்தால் செல்லுக்குத்தான் தொல்லை. அளவில் குறைவு, ஆயுளும் குறைவு. அதனாலேயே எம்.ஆர்.என்.ஏ. ஆய்வாளர்கள் கையில் உறுதியாகச் சிக்க 1961 வரை ஆனது.

கேள்வி: கொரோனா வைரஸில் இருக்கும் ஆர்.என்.ஏ. எம்.ஆர்.என்.ஏ.வா?

நல்ல கேள்வி. அது வைரஸின் மரபுப் பொருள். ஆனால் செல்லுக்குள் நுழைந்ததும் எம்.ஆர்.என்.ஏ.வாகவும் நடந்துகொள்கிறது. ஏறக்குறைய 30,000 எழுத்து நீளம், முன்னால் தொப்பி (எம்.ஆர்.என்.ஏ.வின் முன்முனையில் இருக்கும் வேதி மூடி), பின்னால் அடினின் வால். நம் ரைபோசோம் வித்தியாசம் தெரியாமல் நேரே வாசிக்கத் தொடங்கிவிடும். இன்ஃப்ளூயன்சா வைரஸின் ஆர்.என்.ஏ. அப்படியல்ல. அது எதிர்மறைப் படி (எம்.ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளுக்கு ஜோடி எழுத்துகள் கொண்டது), அதை அப்படியே வாசிக்க முடியாது. அதனால் எம்.ஆர்.என்.ஏ. எடுத்துத் தரும் நொதியை அந்த வைரஸ் தன் துகளுக்குள்ளேயே கொண்டுவருகிறது. அந்த எம்.ஆர்.என்.ஏ.வுக்குத் தேவையான தொப்பியை மட்டும் நம் செல்லின் ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டித் திருடிக்கொள்கிறது.