பாஸ்வேர்டு மறந்துபோச்சா? ஃபார்மேட் பக்கம் போகாதீர்கள்

கேள்வி: லேப்டாப்பை எப்போதும் பின் நம்பர் போட்டுத்தான் திறப்பேன். சில மாதம் தொடாமல் வைத்திருந்து இப்போது எடுத்தால் பின்னும் நினைவில் இல்லை, பாஸ்வேர்டும் நினைவில் இல்லை. விண்டோஸ் 11 ஹோம். ஃபார்மேட் செய்வதைத் தவிர வழியே இல்லை என்கிறார் தெரிந்தவர் ஒருவர். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

பதில்: தயவுசெய்து யாரிடமும் ஃபார்மேட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். பாஸ்வேர்டு போனால் இன்னொன்று வைத்துக்கொள்ளலாம், படங்கள் போனால் திரும்ப எடுக்க முடியாது.

விண்டோஸ் 11 ஹோம் என்கிறீர்கள். அதில் முதல்முறை ஆன் செய்யும்போதே ஒரு மெயில் முகவரி கேட்டிருக்கும், நீங்களும் கொடுத்திருப்பீர்கள். அப்படியானால் உங்களுடையது மைக்ரோசாஃப்ட் கணக்கு, பாதிக் கவலை போயிற்று. போனில் மைக்ரோசாஃப்ட் உள்நுழைவுப் பக்கத்தைத் திறந்து, அந்த மெயில் முகவரியைக் கொடுத்து, 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதைத் தட்டுங்கள். நீங்கள் முன்பு பதிந்து வைத்த போன் எண்ணுக்கோ வேறொரு மெயிலுக்கோ ஒரு குறியீடு வரும், அதைப் போட்டால் புதிய பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளலாம். பலர் தடுமாறுவது இதற்கு அப்புறம்தான்: லேப்டாப் இணையத்தில் இல்லையென்றால் பாஸ்வேர்டு மாறிய விஷயமே அதற்குத் தெரியாது, பழையதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். லாகின் திரையின் வலது கீழ் மூலையில் உள்ள நெட்வொர்க் படத்தைத் தொட்டு வைஃபையை இணைத்துவிட்டுப் புதிய பாஸ்வேர்டைப் போடுங்கள். உள்ளே போனதும் பின்னை மாற்றிக்கொள்ளலாம்.

பதிந்திருந்த எண்ணும் மெயிலும் இப்போது உங்களிடம் இல்லையென்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். பாதுகாப்பு விவரங்களை மொத்தமாக மாற்றினால் 30 நாள் காத்திருக்கச் சொல்வார்கள். திருடன் யாராவது மாற்றினால் நீங்கள் தடுப்பதற்கான அவகாசம் அது. எரிச்சலாக இருந்தாலும் காத்திருங்கள்.

மெயில் கொடுக்காத, அந்தக் கணினியோடு மட்டும் நிற்கிற லோக்கல் கணக்கு என்றால் கதை வேறு. தவறான பாஸ்வேர்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள், கீழே பாஸ்வேர்டை மாற்றும் வழி தெரியும். கணக்கு தொடங்கியபோது மூன்று பாதுகாப்புக் கேள்விகளுக்குப் பதில் கொடுத்திருந்தால் அவற்றைச் சரியாகச் சொல்லி உள்ளே போய்விடலாம். வீட்டில் வேறு யாருக்காவது அதே கணினியில் அட்மின் கணக்கு இருந்தால் அவர்களும் மாற்றித் தரலாம்.

டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் படங்களை எடுத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைப் பென் டிரைவில் போட்டுத் திறப்பதும் அதே யோசனைதான். பழைய கணினிகளில் நடக்கும். ஆனால் விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டு) ஆகியிருக்கும், 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் அதில் ஒன்றையும் படிக்க முடியாது. அந்தக் கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். அதனால் லேப்டாப்பைப் பிரிக்கும் முன் கணக்கை மீட்கப் பாருங்கள். பாஸ்வேர்டை உடைத்துத் தருகிறோம் என்று இணையத்தில் கிடைக்கும் முகம் தெரியாத மென்பொருள்களைத் தொடவே வேண்டாம், பலதும் வைரஸோடுதான் வரும்.

கேள்வி: பாஸ்வேர்டு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, சரியாகத்தான் அடிக்கிறேன். ஆனாலும் தவறு என்றே வருகிறது. ஏன்?

பதில்: தமிழில் டைப் செய்பவரா நீங்கள்? கீபோர்டு தமிழ் 99-க்கு மாறி நின்றிருக்கலாம். பாஸ்வேர்டு பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்திப் பிடித்தால் என்ன விழுகிறது என்று தெரிந்துவிடும். மாற்றுவதற்கு விண்டோஸ் பட்டனோடு ஸ்பேஸ் பாரை அழுத்துங்கள். கேப்ஸ் லாக்கையும், எண்கள் இருந்தால் நம்பர் லாக்கையும் (Num Lock) ஒருமுறை பாருங்கள். சும்மா அடித்து அடித்துப் பார்க்காதீர்கள், புதிய விண்டோஸ் 11 கணினிகளில் 10 முறை தவறினால் 10 நிமிடம் கணக்கு பூட்டிக்கொள்ளும்.